மினுக்கம் பிறகு, சோதனை முதலில்: திறந்த சஸ்பென்ஷன் கொண்ட ஸ்போர்ட்ஸ் காரைக் கழுவும் முறை

சாதாரணக் காரில் சஸ்பென்ஷன் மட்கார்டுக்கு உள்ளே, கண்ணில் படாத இடத்தில் இருக்கும். அழுக்காக இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை; சுத்தமாக இருந்தால் யாரும் மெச்சுவதுமில்லை. கேட்டர்ஹாம் செவன் போன்ற காரில் அந்த மறைவு கிடையாது. காலின் சாப்மன் 1957-ல் லோட்டஸ் செவன் என்ற பெயரில் கொண்டுவந்த வடிவம் இது. 1973-ல் இதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டகம், அதன்மேல் பொருத்திய அலுமினியத் தகடுகள், உடலைவிட்டுத் தள்ளி நிற்கும் முன்சக்கரங்கள். அந்தச் சக்கரங்களைத் தாங்கும் விஷ்போன்கள், ஸ்பிரிங் சுற்றிய டேம்பர்கள், ஸ்டீயரிங் கம்பிகள், பிரேக் குழாய்கள் எல்லாமே மழைக்கும் சேற்றுக்கும் நேராக நிற்கின்றன. அலுமினியத் தகடுகளுக்குப் பெயின்ட் அடிக்காமல் வெற்று உலோகமாகவே விட்டுவைப்பவர்களும் உண்டு. மற்ற கார்களில் மெக்கானிக் மட்டும் பார்க்கும் பாகங்களை இந்தக் காரில் தெருவே பார்க்கிறது.

தெரு பார்க்கிறது என்பதாலேயே, மினுங்கினால் சுத்தம் என்ற முடிவுக்கு வருவது எளிது. அந்த முடிவு தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். திறந்த உலோகத்தைக் கழுவுவதற்கு இரண்டே நோக்கங்கள்: அரிப்பைத் தூண்டும் உப்பையும் ஈரத்தையும் அகற்றுவது; விரிசல், கசிவு, தளர்ச்சி ஆகியவை கண்ணில் படும்படி பாகங்களைத் திறந்துவைப்பது. இந்த இரண்டையும் சாதிக்கும் வழிகளில் எது மிக மென்மையானதோ அதுவே சரியான வழி. அதைவிட வலுவான எதுவும் உலோகத்துக்கோ ரப்பருக்கோ ஏதோ ஒரு கேட்டைச் செய்துவிட்டுத்தான் போகும். கிரேட் பிரிட்டனில் மூன்று வயதைக் கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனை கட்டாயம். கார் சரிவரப் பார்க்க முடியாத அளவுக்கு அழுக்காக இருந்தால், சோதனை செய்யவே மறுக்க அங்கே சோதனையாளருக்கு உரிமை உண்டு. அழுக்கின் கீழே என்ன இருக்கிறது என்று யாராலும் சான்று சொல்ல முடியாது என்பதுதான் அந்த விதியின் பொருள். மூன்று வயதுக்குள் இருக்கும் காருக்குச் சோதனை இல்லாவிட்டாலும் அந்தப் பொருள் பொருந்தும்.

உப்பு செய்யும் வேலை

இங்கிலாந்தில் அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை உறைபனி எதிர்பார்க்கப்படும் இரவுகளில் சாலைகளில் உப்பு தூவுகிறார்கள். செஷயரில் வின்ஸ்ஃபோர்டு சுரங்கம் போன்ற இடங்களில் வெட்டியெடுக்கும் பாறையுப்பு அது. பெரும்பகுதி நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடுதான். ஈரத் தார்ச்சாலையில் ஓடும் திறந்த சக்கரம் இந்த உப்புநீரை நேராக விஷ்போன் மேலும் பக்கத் தகட்டின் மேலும் வாரி அடிக்கிறது. கார் வீட்டுக்கு வந்து காய்ந்ததும் சாம்பல் நிறப் படலம் ஒன்று மிஞ்சும். "காய்ந்த உப்பு என்ன செய்துவிடும்? தண்ணீர் ஊற்றினால்தானே துருப்பிடிக்கும், பிரஷால் தட்டிவிட்டு நிறுத்திவிடலாமே" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் உப்பு காய்ந்தபடியே இருப்பதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். உப்போடு கலந்திருக்கக்கூடிய மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் அளவே போதும். பிரிட்டிஷ் குளிர்காலத்தில் 75 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதம் அன்றாட நிலவரம். கூரைக்கடியில் ஒரு சொட்டு மழையும் படாமல் நிற்கும் கார்கூட உப்புநீரில் நனைந்துகொண்டுதான் இருக்கிறது.

தண்ணீரின் சூட்டைப் பற்றியும் ஒரு நம்பிக்கை நிலவுகிறது: வெந்நீர் உப்பை 'உசுப்பிவிடும்', எனவே குளிர்ந்த நீரால் மட்டுமே கழுவ வேண்டும் என்று. சோடியம் குளோரைடின் கரைதிறன் சூட்டுக்கு ஏற்ப மிகக் குறைவாகவே மாறும். 0 டிகிரியில் 100 மில்லி நீரில் சுமார் 36 கிராம் கரையும். 100 டிகிரியிலும் சுமார் 39 கிராம்தான். அரிப்பின் வேகம் சூட்டில் கூடும் என்பது உண்மை. ஆனால் அதற்கு உப்பு உலோகத்தின் மேல் தங்கியிருக்க வேண்டும். ஒருசில நிமிடங்களில் வழிந்தோடிவிடும் கழுவுநீரில் அந்தக் கணக்குக்கு இடமில்லை. கவலைப்பட வேண்டியது தண்ணீரின் அளவைப் பற்றி. கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு கரைந்து மூட்டுகளுக்குள்ளும் தகட்டின் மடிப்புகளுக்குள்ளும் ஊறும். தாராளமாக ஓடவிட்டால் வெளியேறும். உப்புச் சாலையில் ஓடிவந்த காரை அன்றைக்கே, சோப்பு இல்லாவிட்டாலும், குழாய்த் தண்ணீரால் கீழிருந்தும் மேலிருந்தும் அலசிவிடுவது, மாதம் ஒருமுறை செய்யும் விரிவான கழுவலைவிட அதிகப் பயன் தரும்.

உப்பு வேறு வழியிலும் வரும். சென்னைக் கடற்கரையோரம் அது காற்றில் வருகிறது. பல பகுதிகளில் போர்வெல் தண்ணீரிலேயே இருக்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஓடும் ஃபார்முலா கார்களுக்கும் சஸ்பென்ஷன் வெளியேதான். உவர்நீரால் கழுவி அப்படியே உலரவிட்டால், எடுத்த உப்பைத் திரும்பப் பூசிய கதையாகும். அத்தகைய இடங்களில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ தேவை. அதற்கு இரண்டு குடம் போதும்.

பூச்சு இருக்கிறதே என்ற நம்பிக்கை

விஷ்போனுக்கும் சட்டகத்துக்கும் தொழிற்சாலையிலேயே பவுடர் கோட்டிங் செய்திருக்கிறார்கள், பிறகேன் இவ்வளவு கவலை என்பது அடுத்த ஆட்சேபம். பவுடர் கோட்டிங் நல்ல பூச்சுதான், முழுதாக இருக்கும்வரை. சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்கும் குழாயில் சரளைக்கல் தெறித்து ஒரு கடுகளவு பெயர்ந்தாலும் உப்புநீர் அந்த ஓட்டைவழி பூச்சுக்கு அடியில் ஊர்ந்து பரவும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் பூச்சைக் கீழிருந்தே நெம்பித் தூக்கும். வெளியே சிறு கொப்புளம் தெரிவதற்குள் உள்ளே விரல் அகலத்துக்குத் துரு பரவியிருக்கலாம். கனமான, வழுவழுப்பான பூச்சு இந்த நிலையில் துருவை மறைத்துக் காப்பாற்றும் போர்வையாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே பூச்சு இருக்கும் பாகத்தையும் கழுவித்தான் தீர வேண்டும். கழுவும்போது தேட வேண்டியது கல்பட்ட புள்ளிகளை. கண்ட புள்ளியைச் சுரண்டி, துருவை எடுத்து, பிரைமரும் பெயின்டும் தொட்டுவைப்பது அரைமணி நேர வேலை. அதைத் தள்ளிப்போட்டால் பாகத்தைக் கழற்றி, பூச்சை முழுவதும் உரித்து, மறுபடி பூச வேண்டிவரும்.

இதில் அழகைவிடப் பெரிய விஷயம் வலிமை. சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் விஷ்போன் இழுபட்டு அழுத்தப்படுகிறது. சுத்தமான, உலர்ந்த எஃகுக்கு ஒரு களைப்பு வரம்பு உண்டு. அதற்குக் கீழான சுமை எத்தனை கோடி முறை வந்தாலும் எஃகு தாங்கும். உப்புநீர் சூழலில் அந்த வரம்பு கரைந்துபோகிறது: சிறிய சுமைகூட நாளடைவில் விரிசலை உண்டாக்கும். துருவின் குழி ஒவ்வொன்றும் தகைவு குவியும் இடம். விரிசலுக்கு அங்கேதான் தொடக்கம். பிரிட்டனில் சாதாரணக் கார்களில்கூட ஸ்பிரிங் உடைவது பழகிப்போன பழுது. பெயின்ட் பெயர்ந்து துருப்பிடித்த சுற்றில்தான் பெரும்பாலும் உடையும். அழுக்கும் ஈரமும் தேங்கும் கீழ்ச்சுற்று அதற்கு ஏற்ற இடம். ஸ்பிரிங்கின் அடிச்சுற்றுக்கும் அது உட்காரும் தட்டுக்கும் இடையிலுள்ள சந்தை, பிரஷ் முனையால் எட்டி ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யச் சொல்வது இதனால்தான்.

அலுமினியத்தின் தனிக் கதை

வெற்று அலுமினியத்தைக் காப்பது சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம். சுரண்டினாலும் காற்றில் உடனே மறுபடி உருவாகிவிடும். ஆனால் அமிலமும் காரமும் இரண்டுமே அதைக் கரைக்கும்; பி.எச். அளவு சுமார் 4-க்கும் 8.5-க்கும் இடையே இருக்கும்வரைதான் படலம் நிலைத்திருக்கும். லாரி கழுவும் கடைகளில் அடிக்கும் காரத் திரவங்களில் பல இந்த எல்லையைத் தாண்டியவை. காஸ்டிக் சோடா சேர்ந்தவை அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். மறுபக்கம், சக்கரத்துக்கென விற்கும் சில அமிலத் திரவங்கள். இரண்டுமே அழுக்கை நொடியில் எடுத்துவிடும். அந்த வேகம்தான் அவற்றின் கவர்ச்சி. தகட்டில் மறுநாள் தெரியும் மங்கலான வெள்ளைத் திட்டுதான் அதற்கான விலை. துடைத்தால் அது போகாது, தேய்த்தே எடுக்க வேண்டும். உப்பிலுள்ள குளோரைடு வேறு விதமாகத் தாக்கும்: படலத்தின் பலவீனமான புள்ளிகளில் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும்.

எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் இரண்டுக்கும் நடுவே மின்கலம் ஒன்று உருவாகிறது, அரிக்கப்படுவது அலுமினியம். எவர்சில்வர் போல்ட் அலுமினியத்தில் இறங்கும் இடம், தகட்டின் கீழ்விளிம்பு சட்டகக் குழாயைத் தழுவும் இடம், ரிவெட் தலைகளைச் சுற்றி ஆகிய இடங்களில் வெள்ளைப் பொடி தென்பட்டால் அது இந்த மின்கலத்தின் கைவேலை. மேலே துடைத்து என்ன பயன், உள்ளே ஈரம் நிற்கிறதே! இங்கே உலர்த்துவதே பாதி வைத்தியம். அதைப் பின்னால் பார்ப்போம். இன்னொரு எச்சரிக்கை: இரும்புக் கம்பிப் பிரஷோ இரும்புக் கம்பிநாரோ அலுமினியத்தின் மேலும் எவர்சில்வர் சைலன்சர் குழாயின் மேலும் படவே கூடாது. உதிரும் இரும்புத் துகள் பதிந்து, ஒரு வாரத்தில் செம்புள்ளிகளாக மலரும். பித்தளைப் பிரஷ் விட்டுச்செல்லும் செம்புத் தடம் அலுமினியத்துக்கு அதைவிடக் கேடு. நைலான் பிரஷ் போதும்.

எதைக்கொண்டு, எப்படி

தேவையான பொருள்களின் பட்டியல் சிறியது: பி.எச். நடுநிலையான கார் ஷாம்பு, இரண்டு வாளி, சாதாரணக் குழாய், நீளக் காம்புள்ள நைலான் பிரஷ், பெயின்டர் பிரஷ் ஒன்று, மைக்ரோஃபைபர் துணிகள், காற்று ஊதும் கருவி. ஓடிவந்த காரை முதலில் ஆறவிட வேண்டும். சூடான பிரேக் டிஸ்கிலோ பக்கவாட்டுச் சைலன்சரிலோ குளிர்நீர் பட்டால் உலோகம் கோணிக்கொள்ளலாம். முதலில் வெறும் தண்ணீர், தாராளமாக. மணலும் உப்பும் அதில் போகட்டும். மணல் இருக்கும்போதே தேய்த்தால் அது உப்புத்தாளாக மாறிவிடும். பிறகு ஷாம்பு, பிரஷை ஒரு வாளியில் அலசி, மற்ற வாளியில் தோய்த்து, மேலிருந்து கீழாக. கீழ் விஷ்போனின் மேற்பரப்பு, மட்கார்டைத் தாங்கும் கம்பியின் உள்பக்கம், பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டி டியோன் குழாய், சட்டகத்தின் கீழ்க்குழாய் விளிம்புகள் ஆகியவை அழுக்கு சேரும் முக்கிய இடங்கள். கெட்டிக் கிரீஸ் இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மென்மையான டிகிரீசர். பருவத்துக்கு ஒருமுறை சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் செய்வது நல்லது. அப்போது காரை ஜாக்கின் மேல் நிறுத்திவிட்டுக் கீழே கைவிடக் கூடாது. உறுதியான தரையில் ஸ்டாண்டு போட்டே ஆக வேண்டும்.

பிரஷர் வாஷர் இருக்கும்போது பிரஷும் குழாயும் எதற்கு என்ற கேள்விக்குப் பாகங்களே பதில் சொல்லும். வீட்டு உபயோகப் பிரஷர் வாஷரே 100 பாருக்கு மேல் அழுத்தம் தரும். பால் ஜாயின்ட்டின் ரப்பர் பூட், டேம்பர் தண்டின் சீல், சக்கர பேரிங்கின் சீல் எல்லாம் சக்கரம் வாரியடிக்கும் நீரைத் தடுக்கச் செய்யப்பட்டவை. ஒரு சாண் தொலைவிலிருந்து பாயும் ஊசித்தாரையைத் தடுக்கச் செய்யப்பட்டவை அல்ல. தாரை நீரை மட்டும் உள்ளே செலுத்தாது. மணலையும் சேர்த்துச் செலுத்தும், கிரீஸையும் அடித்துக்கொண்டு போகும். வெளியே பளிச்சென்றிருக்கும், உள்ளே மூட்டு தேயத் தொடங்கியிருக்கும். சாதாரணக் காரில் இந்தப் பாகங்களைத் தாரை எட்டுவதே கடினம். செவனில் எல்லாமே எட்டும் தூரம். பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் விரிந்த தாரையில், கைநீளத்துக்கு அப்பால் நின்று, சட்டகக் குழாய்களுக்கும் தகடுகளுக்கும் மட்டும்.

மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைப்பது பழைய பட்டறை வழக்கம். வெறும் எஃகுப் பாகத்தைக் கழற்றித் தனியே கழுவ அது இன்றும் உதவும். காரில் பொருத்திய நிலையில் வேண்டாம்: இயற்கை ரப்பர் புஷ் மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுத்துவிடும். அமிலத் துருநீக்கிக்கும் ஒரு தடை உண்டு. ஸ்பிரிங், 12.9 தர போல்ட் போன்ற மிகுவலிமை எஃகில் அமிலம் வினைபுரியும்போது வெளிவரும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்கும் தன்மைக்கு ஆளாக்கும். போல்ட் பளபளவென்று வரும். முன்னறிவிப்பு இல்லாமல் ஒருநாள் துண்டாகும். துருவேறிய போல்ட்டுக்கு வைத்தியம் பார்ப்பதைவிடப் புதிய போல்ட் மலிவு.

உலர்த்துவது, பூசுவது

அலசி முடித்ததும் துணியால் ஒற்றி, காற்றை ஊதி உலர்த்த வேண்டும்: தகடு மடியும் விளிம்பு, ரிவெட் வரிசை, போல்ட் தலை, ஸ்பிரிங் தட்டு, உயரம் மாற்றும் மரை. டேம்பரின் மரை பெரும்பாலும் அலுமினியம். மணல் படிந்த மரையில் தட்டைத் திருகினால் மரை கவ்விப் பாழாகும், எனவே திருகுவதற்கு முன்பு பெயின்டர் பிரஷால் துப்புரவாக்குவது கட்டாயம். பிறகு காரை மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் டிஸ்கில் ஒட்டிய நீரும் மெல்லிய துருவும் போய்விடும். கழுவிய உடனேயே மூடுதுணி போர்த்தி நிறுத்துவது, ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பதற்குச் சமம்.

எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெயை அடித்துவிட்டால் துருவே வராதே என்ற யோசனை பலருக்கும் வரும். டபிள்யூ.டி.-40 இதற்குப் பெயர்போனது. ஆனால் 1953-ல் அமெரிக்காவில் அது உருவாக்கப்பட்டது நீரை விலக்குவதற்காக. அது விடும் படலம் மெல்லியது, சாலைநீரில் நீண்டநாள் நிற்காது. கெட்டியான கிரீஸோ மெழுகோ நிற்கும், ஆனால் மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டெஃப்லான் உள்ளுறை கொண்ட ரோஸ் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டுக்குக் கிரீஸ் தேவையே இல்லை. பூசினால் ஒட்டும் மணல் அந்த உறையைத்தான் அராவும். தவிர, விஷ்போன் முழுக்க எண்ணெய்ப் படலம் இருந்தால் டேம்பர் கசிகிறதா, நாம் அடித்த எண்ணெய் வழிகிறதா என்று எப்படித் தெரியும்? எனவே அசையாத இடங்களுக்கு மட்டும், உலர்ந்த பிறகு, மெல்லிய மெழுகுப் படலம் போதும்: சட்டகக் குழாய், தகட்டின் விளிம்பு, போல்ட் தலை. டிஸ்க், பேட், டயர், ரப்பர் புஷ் ஆகியவற்றின் மேல் ஒரு துளியும் விழக் கூடாது. செவனில் பிரேக்கும் திறந்தே இருப்பதால் ஸ்பிரேயை நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடைப்பதே பாதுகாப்பு.

மினுக்கத்துக்கு உரிய இடம்

இவ்வளவுக்குப் பிறகும், மினுங்காத செவனை யார் விரும்புவார் என்று கேட்கலாம். மெருகேற்றுவதைத் தடுக்க வேண்டியதில்லை. அதன் கணக்கைத் தெரிந்து செய்தால் போதும். அலுமினியப் பாலிஷ் போடும்போது துணியில் வரும் கருமை, உலோகமும் ஆக்சைடும்தான். ஒவ்வொரு முறையும் தகடு ஒரு மயிரிழை மெலிகிறது. தட்டையான தகட்டுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை அது பொருட்டல்ல. மெருகேற்றியபின் மெழுகு பூசினால் அடுத்தடுத்த கழுவல்களுக்குப் பாலிஷே தேவைப்படாது. சுமை தாங்கும் பாகங்களின் விஷயம் வேறு. வெல்டிங் தடத்தை வழவழப்பாக்கத் தேய்ப்பது உலோகத்தைக் குறைக்கும். முலாம் பூசிய விஷ்போன் அழகுதான்; ஆனால் முலாம் பூசும் வேலையில் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகக்கூடும். பாலிஷ் மாவு ரிவெட்டைச் சுற்றியும் மடிப்பிலும் தங்கி ஈரத்தை உறிஞ்சி வைக்கும் என்பதால், மெருகேற்றிய பிறகும் ஒருமுறை அலச வேண்டும்.

கடைசியாக, பார்ப்பது. கழுவி உலர்ந்த பாகத்தின் மேல் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, ஒவ்வொரு வெல்டிங் தடத்தையும், குழாய் வளையும் ஒவ்வொரு இடத்தையும், ரப்பர் பூட்களின் மடிப்புகளையும், டேம்பர் தண்டையும் வரிசை மாறாமல் பார்க்க வேண்டும். பூட் கிழிந்திருந்தால் மூட்டின் ஆயுள் எண்ணப்படுகிறது. டேம்பர் தண்டில் துருக்குழி இருந்தால் சீல் விரைவில் போகும். வெல்டிங் ஓரத்தில் பூச்சின் மேல் மயிரிழைபோல் சிவந்த கோடு தெரிந்தால், துடைப்பதற்கு முன்பு படம் எடுத்துவைக்க வேண்டும். துடைத்ததும் போய், அடுத்த கழுவலில் அதே இடத்தில் மறுபடி தோன்றினால், அடியில் விரிசல் இருக்க வாய்ப்புண்டு. அந்த இடத்தில் பூச்சை உரித்து, சிவப்புச் சாயமும் வெள்ளைப் பொடியும் கொண்டு செய்யும் சாயச் சோதனையைப் பார்த்துவிட வேண்டும். உறுதியானால் விஷ்போனை மாற்றும்வரை கார் சாலைக்கு வரக் கூடாது. காரத் திரவமும் பிரஷர் வாஷரும் கொண்டு பத்து நிமிடத்தில் முடித்திருந்தால் அந்தச் சிவப்புக் கோடும் அழுக்கோடு சேர்ந்து ஓடியிருக்கும், அப்படி ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது. மெதுவான முறைக்கு ஆகும் கூடுதல் நேரத்தை இந்தச் சோதனையின் கணக்கில்தான் எழுத வேண்டும்.